திண்ணைப் பேச்சு: டிரங்குப் பெட்டியில் கிடந்த பத்திரிகை



சென்ற இதழில், அடைமழை முடிந்து தை பிறந்ததும் பட்டுப் புடவைகளையும் பழைய புத்தகங்களையும் எப்படிப் பாதுகாப்பது என்று எழுதியிருந்தேன். இளவெயிலில் காய வையுங்கள், வசம்பும் வேப்பிலையும் போட்டு வையுங்கள் என்றெல்லாம் யோசனை சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் பேத்தி, "அப்பாயி, ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, நம்ம வீட்டுப் பரண்ல இருக்கிற பெட்டியை எப்ப இறக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டாள். எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண். கேள்வி நியாயமாக இருந்ததால் பதில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாளே பெட்டியை இறக்கினோம்.

அது என் மாமியாருடைய டிரங்குப் பெட்டி. 1944-இல் அவர் மாயவரத்திலிருந்து நெடுங்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது கூடவே வந்தது. அப்போது காரைக்காலும் அதைச் சேர்ந்த எங்கள் ஊரும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தன. 1954 நவம்பர் முதல் தேதிதான் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தோம். மாயவரத்துக்கும் நெடுங்காட்டுக்கும் நடுவே சுங்கச் சாவடி உண்டு. பிறந்தகம் போய்த் திரும்பும்போதெல்லாம் சாவடியில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டுமாம். "புடவைக்கு அடியில என்னம்மா காகிதக் கட்டுன்னு கேப்பான். கதைப் புஸ்தகம்யான்னு சொல்லுவேன். சிரிச்சுட்டு விட்டுடுவான்" என்று மாமியார் சொல்வார்.

அந்தக் காகிதக் கட்டு இன்னும் பெட்டிக்குள் இருந்தது. கெட்டி நூலால் கோணி தைப்பதுபோலத் தைத்து வைத்திருந்தார். முன்னட்டை போய்விட்டது. தாளெல்லாம் பழுத்த பூவரச இலைபோல மஞ்சளாகிவிட்டது. ஆனாலும் எழுத்து அழியவில்லை. 'ஜகன்மோகினி' என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு மனத்துக்குள் சுருக்கென்று ஏதோ தைத்தது.

ஏன் தைத்தது என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டுச் சண்டையைச் சொல்ல வேண்டும். வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லலாமா என்று ரொம்ப யோசித்தேன். இருபது வருஷமாக உங்கள் வீட்டுக் கஷ்டங்களைக் கடிதத்தில் எழுதச் சொல்லிக் கேட்கிறவள், என் வீட்டுத் தப்பை மட்டும் மூடி வைப்பது நேர்மையாகாது. அதனால் மருமகளிடம் அனுமதி கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

என் மருமகளின் தகப்பனார் காரைக்கால் டவுனில் சிறிய அச்சாபீஸ் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. சென்ற ஆவணியில் அவர் காலமாகிவிட்டார். ஆண் வாரிசு கிடையாது. மாப்பிள்ளையான என் மகனுக்கோ வயலும் உரக்கடை வேலையும்தான் தெரியும். "இடத்தைச் செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டுடலாம், மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்று உறவுக்காரர்கள் முடிவே கட்டிவிட்டார்கள்.

மருமகள் மட்டும், "நான் எடுத்து நடத்தறேன்" என்றாள். அதோடு நிற்கவில்லை. "மாசம் ரெண்டு தரம் நாலு பக்கத்துல ஒரு பத்திரிகை போடணும் அத்தை. ஆத்துல தண்ணி எப்ப திறக்கறாங்க, பயிர் இன்சூரன்சுக்குக் கடைசித் தேதி என்ன, ஆஸ்பத்திரியில எந்த டாக்டர் எந்தக் கிழமை இருப்பாரு... நம்ம கொம்யூன்ல இதெல்லாம் தெரியாமத்தானே ஜனங்க அலையறாங்க? பெரிய பத்திரிகையில நம்ம ஊருக்கு ஒரு மூலைகூடக் கிடைக்கறதில்லே" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எழுதணும்னு ஆசையா இருந்தா எழுது. யாரு வேணாம்கறா? அச்சாபீஸ் நடத்தறது, கடன் வசூல் பண்றது, ராத்திரி ஒம்போது மணிக்கு பஸ் பிடிச்சு வர்றதெல்லாம் குடும்பப் பெண்ணுக்குச் சரிப்படாது" என்று சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டே நிதானமாகக் கேட்டாள்: "நீங்க இத்தனை வருஷமா எழுதறீங்களே அத்தை. அதை அச்சுப் போட்டு அனுப்பறதுக்கு யாரோ ஒருத்தர் கடன் வாங்கி, கணக்குப் பார்த்து, ராத்திரி கண் முழிச்சு நடத்திட்டுத்தானே இருக்காங்க? அந்த ஒருத்தர் பொம்பளையா இருக்கக் கூடாதா?"

அதற்குப் பிறகு பதினோரு நாள் அவள் என்னோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. நானும் வீம்புக்கு இருந்தேன். பன்னிரண்டாம் நாள்தான் அந்தப் பெட்டியைத் திறந்தேன்.

சகோதரிகளே, உங்களில் பலர் 'சித்தி' படம் பார்த்திருப்பீர்கள். 1966-இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் எடுத்தது. பத்மினி நடித்தது. அதில் வரும் தாலாட்டைக் கேட்டுக் கண் கலங்காத பெண் தமிழ்நாட்டில் உண்டா? அந்தக் கதை 'தயாநிதி' என்ற நாவல் என்பதும், அதை எழுதியவர் வை.மு. கோதைநாயகி அம்மாள் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? நாவலாசிரியை என்று தெரிந்தவர்களில்கூட, அவர் சொந்தமாக ஒரு பத்திரிகையைச் சுமார் முப்பத்தைந்து வருஷம் நடத்தினார் என்று அறிந்தவர்கள் குறைவு. என் மாமியாரின் பெட்டிக்குள் கிடந்தது அந்தப் பத்திரிகைதான்.

கோதைநாயகி அம்மாள் 1901 டிசம்பர் முதல் தேதி காஞ்சிபுரத்தை அடுத்த நீர்வளூரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். சிற்றப்பா வீட்டில் வளர்ந்தார். ஐந்தரை வயதில் கல்யாணம்! மாப்பிள்ளை வை.மு. பார்த்தசாரதி. சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்க்கை. பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. ஆனால் கதை சொல்வதில் சூட்டிகை. வீட்டுக் குழந்தைகளை உட்கார வைத்து, கேட்ட கதையோடு சொந்தக் கற்பனையையும் சேர்த்துச் சொல்வாராம். கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துப் போவார். பார்த்துப் பார்த்து, தாமும் ஒரு நாடகம் எழுத வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்துவிட்டது.

ஆசை வந்தால் போதுமா? சரளமாக எழுத வேண்டாமா? இவர் வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி உட்கார்ந்து எழுதினார். அப்படி உருவானதுதான் 'இந்திர மோகனா' நாடகம். 1924-இல் அச்சாகி வெளிவந்தது. எழுதத் தடுமாறிய ஒரு பெண்ணின் முதல் புத்தகம்! இதைப் படிக்கும்போது எனக்கு என் மாமியார் நினைவுக்கு வந்தார். அவருக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், கோவையாக எழுத வராது. பிறந்தகத்துக்குப் போடும் கடிதமெல்லாம் அவர் சொல்ல நான் எழுதியதுதான். "நான் சொல்றதை அப்படியே எழுது, உன் மெருகெல்லாம் வேணாம்" என்பார்.

மறு வருஷம், அதாவது 1925-இல், கோதைநாயகி அம்மாள் செய்த காரியம்தான் பெரிது. 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகை ஏற்கெனவே ஆரம்பித்து, நடத்த முடியாமல் நின்றுபோயிருந்தது. அதை அவர் வாங்கித் தம் பொறுப்பில் நடத்த ஆரம்பித்தார். 'வைதேகி' என்ற தம் நாவலை அதில் தொடர்கதையாகப் போட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்துநாலு நிறையவில்லை.

அதற்கு முன் தமிழில் பெண்கள் பத்திரிகைப் பக்கமே வரவில்லை என்று சொல்ல முடியாது. பண்டிதை விசாலாட்சி அம்மாள் 'ஹிதகாரிணி'யை நடத்தியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் மங்களம்மாள் மாசிலாமணி 'தமிழ் மகள்' பத்திரிகையைக் கொண்டு வந்தார். ஆனால் ஒரே பெண்மணி, ஒரே பத்திரிகையை, வாழ்நாள் முடிகிற வரையில் விடாப்பிடியாக நடத்தியது அதிசயம்தான்.

பத்திரிகை நடத்துவது என்றால் என்ன என்று எனக்கு முன்பெல்லாம் தெரியாது. எழுதியதை உறையில் போட்டு அனுப்பினால் பதினைந்து நாளில் அச்சாகி வந்துவிடும், அவ்வளவுதான் தெரியும். மருமகளின் அச்சாபீஸைப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் விளங்கிற்று. அந்தக் காலத்தில் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்க வேண்டும். ப்ரூஃப் எடுத்துத் திருத்த வேண்டும். பாரம் பாரமாக அச்சடித்து, மடித்து, தைத்து, சந்தாதாரர் பெயர் எழுதித் தபாலில் சேர்க்க வேண்டும். காகிதக்காரனுக்குப் பணம் உடனே கொடுத்தாக வேண்டும். சந்தாப் பணமோ சாவகாசமாக வரும். இதற்கு நடுவே அடுத்த மாதத்துக் கதையையும் எழுத வேண்டும். கோதைநாயகி அம்மாள் எழுதிய நாவல்கள் மட்டும் 115. சிறுகதை, கட்டுரை, நாடகமெல்லாம் வேறு. பத்திரிகைக்கென்றே ஓர் அச்சகத்தையும் பின்னால் ஏற்படுத்திக்கொண்டார்.

வெளியிலிருந்து வந்த ஏச்சுப் பேச்சு கொஞ்சமா? வைதிகக் குடும்பத்துப் பெண் பத்திரிகை நடத்துகிறாள், மேடையேறிப் பேசுகிறாள், பாடுகிறாள் என்றால் அன்றைய திருவல்லிக்கேணி சும்மா இருக்குமா? எதிர்ப்பும் ஏளனமும் நிறைய இருந்தன. அவர் அவற்றை வாங்கிக்கொண்டே விதவா விவாகம், பெண் கல்வி, குடியின் கொடுமை என்று கதைக்குள் வைத்து எழுதிக்கொண்டே போனார்.

1925-இல் காந்தியடிகளைச் சந்தித்த பிறகு கதருக்கு மாறினார். ஆடம்பர நகைகளை விட்டார். 1930-களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலில் இறங்கிச் சிறை சென்றார். அந்நியத் துணி பகிஷ்காரத்திலும் நின்றார். சிறைக்குள் இருந்தபடியே குடியால் வரும் கேட்டைப் பற்றி 'உத்தமசீலன்' என்ற நாவலை எழுதினார். நமக்கெல்லாம் வீட்டில் இரண்டு விருந்தாளி வந்துவிட்டால் ஒரு கடிதம் எழுதக்கூட ஒழிவதில்லை!

பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. காகிதத்துக்குப் பஞ்சம். 1942-இல் குண்டு விழும் என்ற பயத்தில் சென்னையே காலியாயிற்று. கோதைநாயகி அம்மாளும் சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் குடிபெயர்ந்தார். ஆனாலும் 'ஜகன்மோகினி'யை விட்டுவிடவில்லை. என் மாமியார் பெட்டியோடு இங்கே வந்தது அந்த யுத்த காலத்தில்தான். பட்டணத்தை விட்டு ஓடிய ஒரு பெண் பிடிவாதமாக நடத்திய பத்திரிகை, சுங்கச் சாவடியைத் தாண்டி, பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த ஒரு கிராமத்து நாட்டுப்பெண்ணின் புடவைக்கு அடியில் வந்து சேர்ந்திருக்கிறதே! மோர் விற்ற காசில் வாங்கியது என்று மாமியார் பெருமையாகச் சொல்வார். "உங்க மாமனாருகிட்ட ஒரு காசு கேக்கலை" என்பார். அந்தப் பெருமையின் அர்த்தம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோதைநாயகி அம்மாளின் வெற்றியில் கணவர் பார்த்தசாரதியின் பங்கு பெரியது. அவர் தடுத்திருந்தால் 1925-இல் ஒன்றும் நடந்திருக்காது. "அப்படியானால் இதில் என்ன சுதந்திரம்?" என்று சில சகோதரிகள் கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தொழில் செய்கிற எந்த ஆணாவது தனியாகவா செய்கிறான்? நேரத்துக்குச் சோறு போட, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, வந்தவர்களைக் கவனிக்க வீட்டில் ஒருத்தி இருப்பதால்தானே அவனால் கடையைத் திறக்க முடிகிறது? அந்த ஒத்தாசை பெண்ணுக்குக் கிடைத்தால் மட்டும் அதைக் குறையாகச் சொல்வானேன்?

உலகத்திலேயே பேர்போன பத்திரிகை உரிமையாளர் ஒருவரின் கதையையும் பாருங்கள். அமெரிக்காவின் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையை கேத்தரின் கிரஹாம் என்ற பெண்மணியின் தகப்பனார் 1933-இல் ஏலத்தில் எடுத்தார். பிறகு நிர்வாகத்தை யாரிடம் கொடுத்தார்? மகளிடம் இல்லை, மருமகனிடம்! பங்குகளில்கூட மருமகனுக்கே கூடுதல். 1963-இல் கணவர் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான், நாற்பத்தாறு வயதில், பயந்து பயந்து அந்த அம்மாள் பொறுப்பேற்றார். அவர்தான் 1971-இல் வியட்நாம் போர் பற்றிய அரசாங்க ரகசிய ஆவணங்களைத் துணிந்து வெளியிடச் சொன்னவர். வாட்டர்கேட் ஊழலில் தம் நிருபர்களை விட்டுக்கொடுக்காமல் நின்றவர். 1974-இல் ஜனாதிபதி நிக்ஸன் ராஜினாமா செய்ததில் அந்தப் பத்திரிகைக்குப் பெரும் பங்குண்டு. அவ்வளவு பெரிய சீமையில், அவ்வளவு பணக்கார வீட்டில், மகளின் கண்ணெதிரே மருமகனுக்குத்தான் பத்திரிகை போயிருக்கிறது. அப்புறம் நெடுங்காட்டில் நான் ஒருத்தி அப்படிப் பேசியதில் என்ன ஆச்சரியம்!

அது பணக்காரர் கதை, நமக்கு ஒத்து வராது என்பீர்களா? உத்தரப் பிரதேசத்தில் சித்ரகூடம் என்ற பின்தங்கிய ஜில்லாவில் 2002-இல் 'கபர் லஹரியா' என்ற செய்தித்தாள் ஆரம்பமாயிற்று. கிராமத்துப் பெண்கள், அதிலும் பலர் தலித் பெண்கள், அதிகப் படிப்பில்லாதவர்கள், தாங்களே செய்தி சேகரித்து, தங்கள் பேச்சுமொழியான புந்தேலியில் எழுதி, தாங்களே ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை, பள்ளிக்கு வாத்தியார் வரவில்லை என்பதெல்லாம் அவர்கள் பத்திரிகையில் செய்தி. யுனெஸ்கோ விருதுகூடக் கிடைத்தது. பின்னர் காலத்துக்கு ஏற்ப அச்சை விட்டு செல்போன் வீடியோவுக்கு மாறினார்கள். அவர்களைப் பற்றி 2021-இல் வந்த 'ரைட்டிங் வித் ஃபயர்' என்ற படம் ஆஸ்கர் பரிசுப் போட்டிவரை போயிற்று. என் மருமகள் கேட்ட நாலு பக்கப் பத்திரிகைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பேசும் மொழிதான் வேறு.

இனி கோதைநாயகி அம்மாளின் கடைசிக் காலம். அவருக்கு ஒரே மகன், சீனிவாசன். 1956-இல் அந்த மகன் இறந்துபோனார். அந்த இடியிலிருந்து அம்மாள் எழுந்திருக்கவே இல்லை. உடம்பு தளர்ந்தது. க்ஷயரோகம் பற்றிக்கொண்டது. தாம்பரம் சானடோரியத்தில் சிகிச்சைக்குச் சேர்த்தார்கள். 1960 பிப்ரவரி 20-ஆம் தேதி காலமானார். 'ஜகன்மோகினி'யின் கதையும் அவரோடு முடிந்தது.

இந்த இடத்தில் ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியவில்லை. நம் பெண்கள் வேலை வேலை என்று ஓடும்போது முதலில் அலட்சியப்படுத்துவது தங்கள் உடம்பைத்தான். அந்தக் காலத்தில் க்ஷயரோகம் என்றால் சானடோரியம்தான் கதி என்று நினைத்தார்கள். வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் அதே குணம் தெரியும் என்று உலகத்துக்கே நிரூபித்துக் காட்டியது நம் சென்னையில் நடந்த ஆராய்ச்சிதான். அதன் முடிவு வெளிவந்தது 1959-இல்! இன்று சாதாரண க்ஷயரோகம் ஆறு மாத மருந்தில் குணமாகிவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, மாலையில் காய்ச்சல் வந்தாலோ, காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ, கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டே நாளைக் கடத்தாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். துக்கமும் ஒரு நோய்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவளை "தைரியமா இரு" என்று சொல்லிவிட்டுப் போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வையுங்கள்.

இவ்வளவையும் அன்று ராத்திரி அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். நான் இத்தனை வருஷமாகப் பெண் உரிமை பற்றி எத்தனை பக்கம் எழுதியிருப்பேன்! என் வீட்டுப் பெண் உரிமை கேட்டபோது, செல்போன் கடைக்காரன் பக்கம் நின்றிருக்கிறேன். காரைக்கால் அம்மையார் பிறந்த மண் என்று மாங்கனித் திருவிழாவுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுகிறேன். நாயன்மார்கள் எல்லாரும் நின்றிருக்க அந்த அம்மை மட்டும் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லி மகிழ்கிறேன். மருமகள் தன் தகப்பன் உட்கார்ந்த நாற்காலியில் உட்காரப் போகிறேன் என்றால் மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை.

விடிந்ததும் மருமகளிடம் போய், "நான் பேசினது தப்பும்மா" என்றேன். அவள், "பரவாயில்லை அத்தை" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாய் வார்த்தைக்கு மதிப்பில்லை என்று எனக்கும் தெரியும். அதனால் மகனையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "இன்னையிலிருந்து ராத்திரி சமையல் எங்க பொறுப்பு. நான் அடுப்பைப் பார்த்துக்கறேன், நீ காய் நறுக்கு, பாத்திரம் தேய்ச்சுக் கொடு. அவ எட்டு மணிக்கு வந்தாலும் ஒம்போதுக்கு வந்தாலும் சூடா சாப்பாடு இருக்கணும்" என்றேன். மகன் தலையைச் சொறிந்தான். அன்றைக்கு அவன் நறுக்கிய கத்தரிக்காய் ஒன்று கட்டை விரல் அளவு, ஒன்று சுண்டு விரல் அளவு! ஆனாலும் நறுக்கினான். இப்போது சுமாராகப் பழகிவிட்டது.

அடுத்த வாரம் நானும் பஸ் ஏறி அச்சாபீஸுக்குப் போனேன். மூலையில் பழைய ட்ரெடில் மெஷின் துணி போர்த்திக் கிடக்கிறது. இப்போது வேலையெல்லாம் கம்ப்யூட்டரிலும் ஆஃப்செட்டிலும்தான். ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்து, ஒரு கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃபைக் கையில் கொடுத்தாள். மணமகள் பெயரில் ஒரு கால் விட்டுப் போயிருந்ததைக் கண்டுபிடித்தேன். "இதுக்குத்தான் உங்களை வரச் சொன்னது" என்று பதினோரு நாளுக்கப்புறம் முதல் தடவையாகச் சிரித்தாள்.

பத்திரிகை ஆரம்பிக்க நினைக்கும் சகோதரிகளுக்காக, அவள் விசாரித்துத் தெரிந்துகொண்ட சிலவற்றையும் எழுதுகிறேன். முன்பு 1867-ஆம் வருஷத்துப் பழைய சட்டம் இருந்தது. மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி கொடுக்க வேண்டும், படி ஏறி இறங்க வேண்டும். அதற்குப் பதிலாக 2023-இல் புதிய சட்டம் வந்து, 2024 மார்ச் முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது. பத்திரிகையின் பெயருக்கும் பதிவுக்கும் 'பிரஸ் சேவா' என்ற அரசாங்க இணையதளத்தில் ஒரே விண்ணப்பமாகப் போடலாம். நாலைந்து பெயர்களை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆசைப்படும் பெயரை வேறொருவர் ஏற்கெனவே வைத்திருக்கக்கூடும். இதழ் வந்ததும் ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்களை ஒவ்வொரு பிரதியிலும் போட வேண்டும். 'வெளியிடுபவர்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர். வேலையை நீங்கள் செய்து பெயரை வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள். வேறொருவர் செய்கிற வேலைக்கு விவரம் தெரியாமல் உங்கள் பெயரையும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, வீட்டுக் கணக்கும் பத்திரிகைக் கணக்கும் தனித்தனி நோட்டில் இருக்க வேண்டும். பேங்குக் கணக்கும் தனி. கல்யாணப் பத்திரிகை அடித்து வருகிற வருமானம்தான் செய்திப் பத்திரிகையின் நஷ்டத்தைத் தாங்கும் என்று மருமகள் முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டாள். ஒரு வருஷம் பார்ப்பது, கையைக் கடித்தால் பக்கத்தைக் குறைப்பது, அப்படியும் முடியாவிட்டால் நிறுத்துவது என்று மூன்று பேருமாகப் பேசி வைத்திருக்கிறோம். லாபம் வருமா என்று எனக்குத் தெரியாது. பெயருக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. உறவுக்காரர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை என்று நானே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மாமியாரின் காகிதக் கட்டை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். வெயிலில் நேராக வைத்தால் தாள் நொறுங்கிவிடும் என்பதால், நிழலில் காற்றாட வைத்து, பூச்சி தட்டி, வெள்ளைத் துணியில் சுற்றினோம். பரணில் வைக்கவில்லை. அச்சாபீஸ் அலமாரியில், மருமகளின் தகப்பனார் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறோம். பேத்தி அதற்குள் இரண்டு அத்தியாயம் படித்துவிட்டாள். "அப்பாயி, மிச்சக் கதை எங்கே?" என்கிறாள். கட்டில் அதோடு தாள் முடிந்துவிடுகிறது. மிச்சத்தை எங்கே தேடுவது என்றுதான் இப்போது எங்கள் வீட்டில் பேச்சு.

உங்கள் வீட்டுப் பரணிலும் பாட்டி, மாமியார் பெட்டிகள் இருக்கும். இந்தத் தை வெயிலில் இறக்கிப் பாருங்கள். உள்ளே என்ன இருந்தது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். உங்கள் வீட்டில் எந்தப் பெண்ணாவது "நான் எடுத்து நடத்தறேன்" என்று சொல்லி, நீங்களும் என்னைப் போலத் தடுத்திருந்தால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். அடுத்த இதழில் பேசுவோம்.